பறை வேண்டும், சட்டை வேண்டாமாம்

ஓசூர் சிப்காட்டில் ஒரு நிறுவனத்தின் ஆண்டு விழாவுக்கு எங்கள் பறைக் குழுவை அழைத்திருந்தார்கள். குழுவில் ஒன்பது பேர். என்னைத் தவிர எல்லோரும் இருபதுகளில் இருக்கும் காண்ட்ராக்ட் தொழிலாளர்கள். மேடையேறப் பத்து நிமிடம் இருக்கும்போது ஹெச்.ஆர். அதிகாரி வந்தார். "அடி பிரமாதம் தம்பி. அந்த நீல டி-சர்ட் மட்டும் வேணாம், கம்பெனி டி-சர்ட் தர்றோம். வீட்டுப் பாட்டும் வேணாம். ஃபேமிலியெல்லாம் வந்திருக்காங்க."

நீல டி-சர்ட்டில் இருப்பது அண்ணல் அம்பேத்கரின் படம். வீட்டுப் பாட்டு, வாடகைக்கு அறை தேடி அலைந்ததைப் பற்றிப் பசங்களே கட்டியது. ஓசூர் மூன்று மொழி ஊர். மூன்றிலும் சாதி கேட்கத் தெரிந்த ஊர். "மீரேமிட்லு?" என்பார் ஒரு வீட்டுக்காரர். "நீவு யாவ ஜன?" என்பார் அடுத்த தெருக்காரர். தமிழில் "நீங்க என்ன ஆளுங்க?" பாட்டில் ஒவ்வொரு அடியும் இல்லையென்று சொன்ன ஒரு வீடு. கேட்பவர்கள் முதல் வீட்டுக்குச் சிரிப்பார்கள். நான்காவது வீட்டுக்கு யாரும் சிரிப்பதில்லை.

டி-சர்ட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒன்றை நினைவுபடுத்துகிறேன். 2018 நவம்பரில், ஓசூரை அடுத்த சூடுகொண்டபள்ளியைச் சேர்ந்த தலித் இளைஞரும் அவர் சாதி மறுத்து மணந்த பெண்ணும் ஓசூரிலிருந்து கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். உடல்கள் கர்நாடகத்தில், மாண்டியா மாவட்டத்துக் காவிரியில் கிடைத்தன. இறந்தவர் யாரென்று கண்டுபிடிக்க உதவியது அவர் போட்டிருந்த டி-சர்ட். அதில் அம்பேத்கர் படமும் ஊர்ப் பெயரும் இருந்தன. எந்தக் கலைக்கூடமும் அந்தச் சட்டையைக் கலை என்று சொல்லாது. எங்கள் பசங்கள் காசு போட்டு அச்சடிக்கும் சட்டையும் அந்த வகைதான்.

அதே ஆண்டு ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் மேடையேறியது. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. கானாவும் ராப்பும் பறையும் இடஒதுக்கீட்டைப் பேசின. ஷிஃப்ட் பேருந்தில் காதில் மாட்டிக் கேட்டுக் கேட்டுத்தான் எங்கள் பசங்கள் பாட்டுக் கட்டவே துணிந்தார்கள். அந்தக் குழுவில் பாடிய அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டியை 2021இல் 'எஞ்சாயி எஞ்சாமி'யில் உலகமே ஆடும்படி கொண்டுவந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழ் அந்தப் பாட்டைப் போற்றி அட்டைப்படம் போட்டது. அட்டையில் அறிவு இல்லை. இரஞ்சித் கேள்வி கேட்டபிறகுதான் அவருக்கென்று தனியாக ஓர் இணைய அட்டை வந்தது. பாட்டு வேண்டும், அதைக் கட்டியவன் கொஞ்சம் தள்ளி நிற்கட்டும் என்பதுதானே அது? எங்களுக்கு நடந்தது அதன் சிப்காட் பதிப்பு.

அன்று நாங்கள் கம்பெனி சட்டையைப் போட்டுக்கொண்டோம். போடச் சொன்னவன் நான்தான். குழுவில் இரண்டு பேருக்கு அதே நிறுவனத்தில் அடுத்த மாதம் காண்ட்ராக்ட் புதுப்பிக்க வேண்டியிருந்தது. தவறு செய்தேன் என்று முழுதாகச் சொல்ல இன்னும் மனம் வரவில்லை. சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை.

ஆனால் நிறுவனத்தைக் குறை சொல்லிவிட்டு நகர்வது சுலபம். தொழிற்சங்கத் தோழர்களிடமும் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. மே தின மேடைக்கு எங்கள் பறை கட்டாயம் வேண்டும்; ஊர்வலத்துக்கு முன்னால் நாங்கள்தான் அடிக்கிறோம். வீட்டுப் பாட்டைப் பாடவா என்று கேட்டால் "அது வேற பிரச்சினை, இன்னொரு நாள் பார்க்கலாம்" என்கிறீர்கள். ஒரே லைனில் நின்று ஒரே வேலை பார்க்கும் இருவரில் ஒருவனுக்குக் கம்பெனி வாசலருகே அறை கிடைக்கிறது. இன்னொருவன் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டி காலனியிலிருந்து வருகிறான். பஸ் தவறினால் அவனுக்குத்தான் அரை நாள் சம்பளம் போகிறது. இது தொழிலாளர் பிரச்சினை இல்லையென்றால் வேறு எது?

பசங்கள் இப்போது பாட்டில் ஐந்தாவது வீட்டைச் சேர்த்திருக்கிறார்கள். அந்த வீட்டுக்காரர் சாதி கேட்கவில்லை. ஆதார் அட்டையை வாங்கி, விலாசத்தில் 'காலனி' என்றிருப்பதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். ஏப்ரல் 14 அன்று எங்கள் தெருவில் முதன்முறையாகப் பாடுகிறோம், நீலச் சட்டையில். சங்கத் தோழர்களுக்கும் சொல்லியிருக்கிறோம்.