பூனை படுத்த வண்டி எது?

சமையல் குறிப்பு, கைவேலைக் குறிப்பு என்று எழுதிக்கொண்டிருந்தவள், இந்த முறை பூனையைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். சிரிக்காதீங்க. வாசலில் ஸ்கூட்டரோ காரோ நிறுத்தி வைத்திருக்கிற சகோதரிகளுக்கு இந்தத் தலைவலி நன்றாகவே தெரிந்திருக்கும்.

முதலில் ஒரு புதிர். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற என் மாமனார் போட்டது. ஒரு கார், ஒரு ஸ்கூட்டர், ஒரு பைக் நிற்கின்றன. ராத்திரி இந்த மூன்றில் ஒன்றின் மேல் பூனை படுத்திருந்தது. காலையில் விசாரித்தால், கார்க்காரர், "என் கார் மேல படுக்கலை" என்கிறார். ஸ்கூட்டர்க்கார அம்மா, "பைக் மேலதான் படுத்திருந்துச்சு" என்கிறார். பைக்காரப் பையன், "என் பைக் மேல இல்லவே இல்லை" என்கிறான். மூன்று பேரில் ஒருவர் சொன்னது மட்டும்தான் உண்மை. அப்படியானால் பூனை எதன் மேல் படுத்திருந்தது? யோசித்துக்கொண்டே படியுங்கள். விடை கடைசியில்.

நாங்கள் இருப்பது சென்னை மடிப்பாக்கத்தில், 12 வீடுகள் உள்ள அடுக்குமாடியில். கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு வரிப்பூனை, அதன் குட்டிகள், வந்து போகிற கடுவன் ஒன்று. என் ஸ்கூட்டர் சீட்டைக் கீறிக் கீறிப் பஞ்சு வெளியே வந்துவிட்டது. புது சீட் கவர் போட்டு ஒரு மாதம் ஆகவில்லை, மறுபடியும் அதே கதி. போதாக்குறைக்கு மூத்திர நாற்றம் வேறு.

யாரோ சொன்னார்கள் என்று நீலம் கலந்த தண்ணீரை பாட்டிலில் ஊற்றி வைத்தேன். மகாராணி அந்த பாட்டிலில் கன்னத்தைத் தேய்த்துவிட்டு, சீட்டில் ஏறிப் படுத்தாள். எலுமிச்சைத் தோல், ஆரஞ்சுத் தோல் போட்டேன். காயும் வரைதான் அந்த வாசனைக்கு மரியாதை.

அடுத்து நான் செய்ததைத்தான் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. கடையில் இரண்டு பாக்கெட் பாச்சை உருண்டை வாங்கி வந்து, ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்திலும் சக்கரத்தைச் சுற்றியும் போட்டு வைத்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் இரண்டாவது மாடி வீட்டுக் குழந்தை, ஒன்றரை வயசு, அம்மா கையை விட்டு ஓடி வந்து அதில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுவிட்டது. வெள்ளை வெளேரென்று இருந்ததால் மிட்டாய் என்று நினைத்ததோ என்னவோ. அதன் அம்மா விரலை விட்டு எடுத்துவிட்டாள். ஆனால் ஒரு ஓரம் கரைந்திருந்தது.

ஆட்டோவில் ஓடினோம். "வாந்தி எடுக்க வைக்காதீங்க, பால் கொடுக்காதீங்க. கொழுப்பு சேர்ந்தா இந்த விஷம் இன்னும் சீக்கிரம் உடம்புல ஏறும்" என்றார் டாக்டர். பாச்சை உருண்டையில் இருக்கும் நாப்தலீன் ரத்தத்தின் சிவப்பணுக்களை உடைக்குமாம். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்கிற ஒரு நொதி குறைவாக இருக்கும், அவர்களுக்கு இன்னும் ஆபத்து என்றார். பாதிப்பு அன்றைக்கே தெரியாமல் இரண்டு மூன்று நாள் கழித்தும் வரலாம் என்பதால், மூத்திரம் கறுத்துப் போகிறதா, கண் மஞ்சளாகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார்.

அந்த ஒரு வாரம் நான் சாப்பிட்டேனா, தூங்கினேனா என்றே நினைவில்லை. தெய்வ சங்கல்பம், குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "தெரியாமதானே அக்கா பண்ணீங்க" என்றாள். திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

பூனைக்கும் பாச்சை உருண்டை விஷம்தான் என்று அப்புறம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். தண்ணீரில் ஊற்றினால் பால் மாதிரி வெள்ளையாகுமே, அந்த மாதிரி பினாயிலும் அப்படித்தான். பாதத்தில் ஒட்டியதைப் பூனை நக்கும். அதை முறிக்கிற சக்தி அதன் ஈரலுக்கு இல்லை. பல குடியிருப்புகளில் தினமும் கைநிறைய ஊற்றிக் கழுவிவிடுகிறார்கள். நானும் ஊற்றினவள்தான்.

இது நடந்த பத்தாம் நாள் குடியிருப்போர் கூட்டம். பூனைகளைச் சாக்கில் பிடித்துக் கட்டிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் விட்டுவிடலாம் என்றார் செயலாளர். மூன்றாம் மாடிப் பாட்டிதான் தயிர்சாதம் வைத்துப் பழக்கிவிட்டார் என்று ஆளாளுக்கு அவர் மேல் பாய்ந்தார்கள். தனியாக இருக்கிறவர், பதில் சொல்லத் தெரியாமல் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. கூட்டங்களில் வாயே திறக்காத நான் எழுந்துவிட்டேன்.

"சார், பள்ளிக்கரணை பறவைங்க வந்து தங்கற இடம். 2022-ல ராம்சர் பட்டியல்லயே சேர்த்திருக்காங்க. அங்கே போய்ப் பூனையை விட்டா பறவைக்கும் கேடு, பூனைக்கும் பட்டினி. இதுங்களைப் பிடிச்சுட்டுப் போனா, குப்பைத் தொட்டியில மீன் கழிவு திறந்து கிடக்கற வரைக்கும் பக்கத்துத் தெருப் பூனை வந்து உட்காரும். அப்ப என்ன செய்வீங்க?" என்றேன். சட்டத்தையும் சொன்னேன். பட்டினியில் தவிக்கும்படி ஒரு பிராணியைக் கொண்டுபோய் விடுவது 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். விஷம் வைத்துக் கொன்றால், 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவுப்படி ஐந்து வருஷம் வரை சிறை. (மகளிடம் கேட்டு முதல் நாளே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்!)

சத்தம் இன்னும் பெரிதானது. அப்போதுதான் மாமனார் எழுந்து, "சண்டை இருக்கட்டும், முதல்ல பூனை எந்த வண்டியில படுத்துச்சுன்னு கண்டுபிடியுங்க" என்று மேலே சொன்ன புதிரைப் போட்டார். அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்கள். பேப்பர், பேனா தேடினவர்களும் உண்டு.

அதன்பிறகு நிதானமாகப் பேச முடிந்தது. பூனை நம்மைப் பழிவாங்க வண்டியில் ஏறுவதில்லை, சூட்டுக்காக ஏறுகிறது. நமக்கு வேர்க்கிற 30 டிகிரிக்கு மேல்தான் அதற்கு இதம். ஓடி வந்து நின்ற என்ஜின் அதற்குக் கணப்பு அடுப்பு மாதிரி. ஆகவே வண்டி வந்து அரை மணி கழித்து, ஆறினபிறகு கவர் போட்டு அடியில் கட்டிவிடுகிறோம். அவசரப்பட்டு உடனே போட்ட ஒருவரின் கவர், சைலன்சர் பட்டு ஓட்டையானது தனிக் கதை. என் சீட்டின் மேல் முள்ளு முள்ளாக இருக்கிற பிளாஸ்டிக் மிதியடியைத் தலைகீழாக விரித்து வைக்கிறேன். வலிக்காது, ஆனால் அதன் மேல் படுக்கப் பிடிக்காது. இதுதான் நன்றாகவே பலித்தது. நாற்றம் அடித்த இடத்தை வினிகர் கலந்த தண்ணீரில் துடைத்தோம்.

விரட்டினால் போதுமா, போக ஓர் இடமும் வேண்டுமே. மாடிப்படிக்கு அடியில் அட்டைப்பெட்டியில் என் பழைய நூல் புடவை. பக்கத்தில் கயிறு சுற்றிய ஒரு கட்டை, நகம் கீற. பாட்டியின் தயிர்சாதத் தட்டும் அங்கேயே போய்விட்டது. குப்பைத் தொட்டிக்கு மூடி போட்டாயிற்று. வீட்டுக்கு 300 ரூபாய் போட்டு, குட்டிகள் பால்குடி மறந்தபிறகு தாய்ப்பூனைக்குக் கருத்தடை செய்தோம். குட்டி பிறந்த நாலைந்து மாதத்திலேயே அது சினையாகலாம், இரண்டு மாதத்தில் ஈன்றுவிடும் என்கிறார்கள். அடுத்தது பெட்டைக் குட்டிக்குத்தான். 300 ரூபாய் தர மாட்டேன் என்று இன்னும் முறுக்கிக்கொண்டிருக்கிற வீடும் ஒன்று உண்டு. இருக்கட்டும்.

இன்னொன்று, காலையில் காரைக் கிளப்பும் முன் முன்பக்க மூடியை இரண்டு தட்டு தட்ட வேண்டும். குட்டிகள் உள்ளே என்ஜின் இடுக்கில் போய்ப் படுத்திருக்கும். ஜப்பானில் நிசான் கார் கம்பெனியே 2015-ல் இப்படித் தட்டச் சொல்லி விளம்பரம் செய்தது. அவர்கள் பாஷையில் அதற்கு 'நெகோ பான் பான்' என்று பெயர். நெகோ என்றால் பூனை.

இனி விடை. ஸ்கூட்டர்க்கார அம்மா சொன்னதும் பைக்காரப் பையன் சொன்னதும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். ஒன்று உண்மையானால் மற்றது பொய். ஆக, இருக்கிற ஒரே உண்மை அந்த இருவரில் ஒருவருக்குப் போய்விட்டது. மிச்சமிருக்கிற கார்க்காரர் சொன்னது பொய். பூனை படுத்தது கார் மேல்தான்! கூட்டத்தில் இதை முதலில் சொன்னது முதல் மாடி வீட்டு எட்டாம் வகுப்புப் பெண். எல்லாரும் செயலாளரைத் திரும்பிப் பார்த்தார்கள். "ராத்திரி பத்தரைக்குக் கடைசியா வர்ற வண்டி உங்களோடதுதானே சார், அதான் சூடு" என்றார் மாமனார். அவரே சிரித்துவிட்டார்.

இப்போதெல்லாம் காலை எட்டு மணிக்குக் கீழேயிருந்து 'டப் டப்' என்று அவர் காரைத் தட்டுகிற சத்தம் என் சமையலறை வரைக்கும் கேட்கிறது. அது கேட்டதும்தான் நான் இரண்டாவது டிகாக்ஷன் போடுகிறேன்.

- ஓர் இல்லத்தரசி, மடிப்பாக்கம்.