ஆள் தேடுவதற்கு முன் கூலியைப் பேசுங்கள்

நகரத்தில் கூட்டுத் தோட்டம் போடுகிறவர்கள் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "இடம் இருக்கு, விதை இருக்கு, தண்ணி இருக்கு. தினமும் ரெண்டு மணி நேரம் வந்து பார்த்துக்க ஆள்தான் கிடைக்கலை. தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?" ஸ்ரீரங்கத்தில் காலி மனையில் கீரைப்பாத்தி போட்டவர்களும் கேட்கிறார்கள், தில்லைநகர் மொட்டைமாடியில் சேர்ந்து தொட்டி வைத்தவர்களும் கேட்கிறார்கள். "என்ன கூலி கொடுப்பீங்க?" என்று திருப்பிக் கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. "வேணுங்கிற காயைப் பறிச்சுக்கலாமே" என்பார்கள்.

ஆள் கிடைக்காமல் இருப்பதற்கு இந்தப் பதில்தான் காரணம் என்பது என் கருத்து.

திருவரங்கத்துக்கு இது புதுப் பிரச்சினை இல்லை. தொண்டரடிப்பொடியாழ்வார் நந்தவனம் வைத்து அரங்கனுக்கு மாலை கட்டிய ஊர் இது. திருமலையில் போய் நந்தவனம் அமைக்க யார் வருவீர்கள் என்று ராமானுஜர் சீடர்களைக் கேட்டபோது, அனந்தாழ்வான்தான் முன்வந்தார் என்று குருபரம்பரைக் கதை சொல்கிறது. அவரும் மனைவியும் மண் சுமந்து ஏரியே வெட்டினார்களாம். அது பக்தியால் ஆள் கிடைத்த கதை.

ஆனால் கோயில் தோட்டங்கள் பக்தியை மட்டும் நம்பி நடக்கவில்லை. பழைய கல்வெட்டுகளில் 'நந்தவனப்புறம்' என்று ஒரு சொல் வரும். நந்தவனத்தின் பராமரிப்புக்காகவே விட்ட நிலம் அது. அங்கே உழைக்கிற குடிகளின் சாப்பாட்டுக்கும் நிலமும் நெல்லும் ஒதுக்கிக் கல்லில் வெட்டி வைத்தார்கள். தோட்டம் வைக்கும்போதே தோட்டக்காரர் பிழைப்பையும் யோசித்திருக்கிறார்கள். நாம்தான் சொட்டுநீர்க் குழாய்க்குக் கணக்குப் போட்டுவிட்டு, ஆளுக்குப் போட மறந்துவிடுகிறோம்.

"தண்ணி ஊத்துற வேலைதானே" என்று சொல்வதும் தவறு. சித்திரை வெயிலில் எந்தப் பாத்திக்கு ரெண்டு வேளை தண்ணீர், எதற்கு மூடாக்கு போதும் என்று தெரிய வேண்டும். இலையைத் திருப்பிப் பார்த்து, மாவுப்பூச்சி பரவுவதற்கு முன் பிடிக்க வேண்டும். வெண்டையை நாலு நாள் விட்டால் நாராகிவிடும். எந்தச் செடியை விதைக்கு விடுவது என்பதும் ஒரு கண். இது தேர்ந்த உழவு வேலை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வாழைக்கொல்லைகளில் கூலிக்குப் போகிற பெண்களிடம் இந்த அறிவு நிறைய இருக்கிறது.

அவர்கள் ஏன் வருவதில்லை? காலை ஆறிலிருந்து எட்டு வரை உங்கள் தோட்டத்தில் நின்றால், கொல்லை வேலைக்குப் போக முடியாது. ரெண்டு மணி நேரக் கூலிக்கு ஒரு நாள் கூலி போகும். பகுதி நேரம் என்பது நமக்குத்தான் பகுதி. அவர்களுக்கு அது முழு நாள். அதனால் நேரத்தை மாலைக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற மூன்று தோட்டங்கள் சேர்ந்து ஒருவருக்கு ஆறு மணி நேர வேலை கொடுங்கள்.

கணக்கும் பெரிதில்லை. மாதம் 25 நாள், நாளுக்கு 2 மணி நேரம் என்றால் 50 மணி. மணிக்கு 120 ரூபாய் என்று வைத்தால் 6,000 ரூபாய். பத்துக் குடும்பம் பங்கு போட்டால் ஆளுக்கு 600. காய் கொடுப்பது கூலிக்கு மேல்தான், கூலிக்குப் பதில் இல்லை.

"அப்போ கடையிலேயே வாங்கிடலாமே, காய் விலை ஏறிடுமே" என்று கேட்பார்கள். ஏறட்டும். இயற்கை விளைபொருளுக்கு நியாய விலை கொடுங்கள் என்று நுகர்வோரிடம் நாம் பேசாத மேடை இல்லை. அந்த நியாயம் களை எடுக்கிற கைக்கும் பொருந்தும்.

"நாங்களே மண்ணில் கை வைக்கத்தானே ஆரம்பிச்சோம்" என்பதும் சரிதான். உரம் போடுவது, பந்தல் கட்டுவது, பாத்தி திருத்துவது எல்லாம் ஞாயிற்றுக்கிழமை குடும்பங்கள் செய்யட்டும். பராமரிப்பவர் லீவு எடுக்கும் நாளுக்கும் முறை போட்டுக்கொள்ளுங்கள். அவருக்குத் தினசரி வேலை மட்டும் போதும். எதை எப்போது விதைப்பது என்ற பேச்சில் அவருக்கும் ஒரு குரல் இருக்க வேண்டும். கியூபாவின் ஹவானாவில் 1997-இல் தொடங்கிய அலமார் நகரத் தோட்டத்தில் வேலை செய்பவர்களே கூட்டுறவின் உறுப்பினர்கள். லாபத்திலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. நாம் அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், தோட்டக் கூட்டத்தில் அவருக்கு ஒரு நாற்காலி போடலாம்.

இந்த ஆடிப்பட்டத்துக்குத் தோட்டம் தொடங்குகிற நண்பர்களே, விதை வாங்குவதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். எத்தனை மணி நேரம், என்ன கூலி, எந்தத் தேதியில் சம்பளம், லீவு எப்படி என்று எழுதுங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆள் தேடுங்கள்.