தேடாமல் கிடைத்தவை

அகராதியில் ஒரு சொல்லுக்குப் பொருள் காணச் செல்பவரின் கண், அச்சொல்லை அடையுமுன் வேறு பல சொற்களின்மீது படிகிறது. ‘உழவு’ என்னும் சொல்லைத் தேடியவர், அதற்குச் சற்றுக் கீழே ‘உழுவை’ என்பது புலியின் பெயர் என்றும், ‘உழை’ என்பது மானின் பெயர் என்றும் அறிகிறார். புலியும் மானும் அங்கு ஒரே பக்கத்தில் அச்சமின்றி நிற்கின்றன. தேடிவந்த சொல் சிறிதுநேரம் மறந்துபோகிறது. நூலகத்தின் அடுக்கில் ஒரு நூலை எடுக்கச் சென்று அதன் பக்கத்து நூலோடு திரும்பியவர்களும் இந்த மகிழ்ச்சியை அறிவார்கள். இணையம் தோன்றுவதற்கு முன்பே இருந்த இம்மகிழ்ச்சியை இணையம் பன்மடங்காகப் பெருக்கியது. இப்போது அதே இணையம் அதனைக் குறைக்கவும் தொடங்கியுள்ளது.

1989ஆம் ஆண்டு, ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ, அங்குள்ள தகவல்கள் சிதறித் தொலைந்துபோவதைத் தடுக்க ஒரு திட்டத்தை முன்வைத்தார். ஆவணங்களை மரக்கிளைகளைப்போல் மேலிருந்து கீழாக அடுக்க வேண்டியதில்லை. எந்த ஆவணத்திலிருந்தும் எந்த ஆவணத்திற்கும் இணைப்பு இடலாம் என்பதே அத்திட்டத்தின் உயிர்நாடி. அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய வலை. மனித மனமும் இவ்வாறே இயங்குகிறது. ஒன்றை நினைக்கும்போது அது மற்றொன்றைத் தொட்டுச் செல்கிறது. ஆகவே, வலையில் வழிதவறுவது அதன் பிழையன்று. அதன் அமைப்பிலேயே அதற்கு இடமிருக்கிறது.

பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி, மிளகின் காரத்திற்குக் காரணமான வேதிப்பொருள் எது என்று இணையத்தில் தேடுகிறாள் எனக் கொள்ளலாம். விடை ‘பைப்பரின்’. ஒரு நிமிடத்தில் கிடைத்துவிடும். ஆனால் அந்தப் பக்கத்தின் கீழ்ப்பகுதியில், கி.மு. 1213இல் இறந்த எகிப்திய மன்னர் இரண்டாம் ராமேசசின் பதப்படுத்தப்பட்ட உடலில், மூக்கினுள் மிளகு இருந்தது என்னும் செய்தியைக் காண்கிறாள். தென்னிந்திய மலைகளில் விளைந்த மிளகு நைல் ஆற்றங்கரைக்கு எவ்வாறு சென்றது? இணைப்பைத் தொடர்கிறாள். செங்கடற்கரையில் பெரனிகே என்னும் பழைய துறைமுகம். அங்கு நிகழ்ந்த அகழாய்வில், இந்தியாவில் செய்யப்பட்ட பெருஞ்சாடி ஒன்றில் ஏறத்தாழ 7.5 கிலோ மிளகு கிடைத்திருக்கிறது. அடுத்த இணைப்பு அவளை ஆஸ்திரியாவின் வியன்னா நகர் நூலகத்திற்குக் கொண்டுசெல்கிறது. முசிறியிலிருந்து சரக்கேற்றிச் சென்ற கப்பலைப் பற்றிய, கி.பி. இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரசுத் தாள் அங்கு உள்ளது. ‘ஹெர்மாபொல்லோன்’ என்று கப்பலின் பெயர்கூட அதில் எழுதப்பட்டிருக்கிறது.

அங்கிருந்து இன்னும் ஓர் இணைப்பு. பெரனிகேவுக்கு வடக்கே, அதே செங்கடற்கரையில் குசேர் அல் காதிம் என்னும் இடத்தில் உடைந்த பானையோடு ஒன்று கிடைத்தது. அதில் கீறப்பட்டிருந்தவை தமிழ் பிராமி எழுத்துகள். கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அதனைப் ‘பானை ஒறி’ என்று படித்தார். ‘ஒறி’ என்பது இன்றைய ‘உறி’ என்றும் விளக்கினார். கயிற்றால் பின்னி, உத்தரத்தில் தொங்கவிட்டு, பூனைக்கு எட்டாமல் தயிரும் வெண்ணெயும் வைக்கும் அதே உறி. கடல்கடந்து சென்ற தமிழர் யாரோ தம் பானையில் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் கீறிவைத்த அடுக்களைச் சொல்லை, மிளகின் காரத்தைத் தேடிப்போன மாணவி படித்துக்கொண்டிருக்கிறாள். எந்தத் தேடுபொறியிலும் அவள் இதனைக் கேட்டிருக்க முடியாது. இருப்பதே தெரியாத ஒன்றை எவ்வாறு கேட்பது?

இத்தகைய கண்டடைதலுக்கு ஆங்கிலத்தில் ‘செரண்டிபிட்டி’ என்று பெயர். ஹொரேஸ் வால்போல் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1754இல் எழுதிய கடிதமொன்றில் இச்சொல்லைப் படைத்தார். செரண்டிப் நாட்டின் இளவரசர் மூவரைப் பற்றிய பாரசீகக் கதையே அதற்கு அடிப்படை. செரண்டிப் என்பது இலங்கையின் பழம்பெயர்களுள் ஒன்று. அவ்விளவரசர்கள் தாம் தேடாதவற்றை வழியெங்கும் கண்டறிந்தனர். அதற்குத் தற்செயல் மட்டும் போதவில்லை, கூர்மதியும் துணைநின்றது என்பதை வால்போல் அழுத்திக் கூறினார். இன்று இச்சொல்லை வழங்குவோர் பலரும் முதற்பாதியைப் பிடித்துக்கொண்டு பிற்பாதியை விட்டுவிடுகின்றனர்.

அந்தப் பிற்பாதியின் மதிப்பை 2007ஆம் ஆண்டு நெதர்லாந்தின் பள்ளி ஆசிரியை ஹன்னி வான் ஆர்கெல் மெய்ப்பித்தார். அவர் வானியல் கற்றவரல்லர். தமக்கு விருப்பமான கிதார் கலைஞர் பிரையன் மேயின் இணையப்பக்கத்தைப் படித்தபோது, விண்மீன் மண்டலங்களின் ஒளிப்படங்களை வடிவவாரியாக வகைப்படுத்தப் பொதுமக்களை அழைக்கும் ‘கேலக்சி ஜூ’ என்னும் முயற்சியைப் பற்றி அறிந்தார். பிரையன் மே வானியற்பியல் பயின்றவர் என்பதால் அச்செய்தி அங்கு இடம்பெற்றிருந்தது. இசையைத் தேடியவர் வானத்திற்கு வந்து சேர்ந்தார். படங்களைப் பார்த்துவருகையில், ஒரு மண்டலத்தின் அருகே மங்கிய கறைபோன்ற ஒன்றைக் கண்டு, இது என்ன என்று வினவினார். வானியலாளருக்கும் உடனே விடை தெரியவில்லை. அருகிலுள்ள மண்டலத்தின் மையத்திலிருந்து முன்பு வீசிய பேரொளியால் இன்னும் சுடர்ந்துகொண்டிருக்கும் மாபெரும் வாயுத்திரள் அது எனப் பின்னர் விளக்கினர். பூமியிலிருந்து ஏறத்தாழ 65 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள அதற்கு ‘ஹன்னியின் பொருள்’ எனப் பொருள்படும் டச்சுப் பெயரே நிலைத்துவிட்டது. அவர் அந்தக் கறையை ஒதுக்கிவிட்டு அடுத்த படத்திற்குச் சென்றிருந்தால் அது வெறும் கறையாகவே இருந்திருக்கும்.

இன்று கைப்பேசித் திரையை விரலால் தள்ளத்தள்ள வந்துகொண்டேயிருக்கும் காணொளிகளையும் எதிர்பாராதவை என்று சிலர் கருதுகின்றனர். அது சரியன்று. ஒருவர் முன்பு எதனைப் பார்த்தார், எதில் எவ்வளவு நேரம் தங்கினார் என்று கணக்கிட்டு, அதனை ஒத்தவற்றையே அந்நிரல்கள் பெரிதும் அனுப்புகின்றன. நேற்றைய விருப்பமே இன்றைய புதுமையாக வேடமிட்டு வருகிறது. மாணவியின் வழியில் ஒவ்வொரு திருப்பத்தையும் தேர்ந்தவள் அவளே. திரையைத் தள்ளுபவர் எதனையும் தேர்வதில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாலமும் இல்லை. ஒரு மணிநேரம் கழித்து, எதனைப் பார்த்தோம் என்று நினைவுகூர இயலாமல் போவதற்கும் இதுவே காரணமாகலாம்.

இன்னொரு மாற்றமும் நிகழ்ந்துவருகிறது. கேட்ட வினாவிற்குத் தேடுபொறியே செயற்கை நுண்ணறிவின் துணையோடு ஒற்றைப் பத்தியில் விடை எழுதித் தந்துவிடுகிறது. அவசரத் தேவைக்கு அது பேருதவிதான். ஆயினும் ‘பைப்பரின்’ என்னும் சொல்லோடு அங்குக் கதவு அடைபடும். ராமேசசும் பெரனிகேயும் பானையோடும் கதவுக்கு அப்பாலேயே நின்றுவிடும்.

தேர்வு நெருங்கும்போது இவ்வாறு அலைவதற்கு ஏது நேரம் என்று பெற்றோர் கேட்பது நியாயமே. வழியில் கிடைப்பவை அனைத்தும் உண்மையும் அல்ல. தமிழின் பழமையைப் பற்றிப் பொய்யாகப் புனையப்பட்ட செய்திகளும் இணையத்தில் மலிந்துள்ளன. பானையோட்டைப் பற்றிப் படித்தவள், அதனைப் படித்தறிந்தவர் யார், அகழ்ந்தவர் யார், வேறு நம்பத்தக்க இடங்களிலும் அச்செய்தி உள்ளதா எனப் பார்த்தாக வேண்டும். அவ்வாறு பார்ப்பதற்கு மேலும் கால்மணிநேரம் ஆகும். வேதியியல் வீட்டுப்பாடம் அன்று சற்றுத் தாமதமாகவே முடியும்.

அதன்பிறகும் அவள் உடனே உறங்கச் செல்லப்போவதில்லை. உறி என்னும் சொல்லைக் கேட்டிருக்கிறாளேயன்றி, அதனைக் கண்டதில்லை. அடுத்த அறையில் படுத்திருக்கும் பாட்டியை எழுப்பி, “உறி எப்படி இருக்கும் பாட்டி? அதில் பானையை எப்படி வைப்பீர்கள்?” என்று கேட்பாள். பாட்டி எழுந்து உட்கார்ந்து, புடைவைத் தலைப்பை எடுத்து, மூன்று பிரியாகப் பிரித்து முடிச்சிட்டுக் காட்டத் தொடங்குவார்.