எவ்வளவு குறைந்தது? எத்தனை நாளில்?

பால்மரம் வெட்டிப் பழகியவர்களுக்கு இம்முறை நான் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் புதிதாக இராது. ஒரு பொருள் நாளாக நாளாக எவ்வளவு மாறுகிறது என்பதை அளந்து பார்ப்பது எப்படி என்பதுதான் விஷயம். கித்தாக் காட்டில் இதை மரத்துக்கு மரம் செய்து வந்திருக்கிறார்கள். வெட்டிய பட்டையில் மாதத்துக்கு ஒரு குறி போடுவது வழக்கம். இரண்டு குறிகளுக்கு இடையே அளவுகோலை வைத்துப் பார்த்தால், அந்த மாதம் எவ்வளவு பட்டை செலவாயிற்று என்று தெரிந்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு. மழை நாள்களைக் கழித்து ஆண்டுக்கு 150 வெட்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையைச் சீவினால் ஆண்டுக்கு 225 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய 9 அங்குலம் தீரும். கை சற்றே கனத்து 2 மில்லிமீட்டர் சீவினால் 300 மில்லிமீட்டர். அது ஓர் அடி. நாலரை அடிப் பட்டை முதல் கைக்கு 6 ஆண்டு வரும். இரண்டாவது கைக்கு நாலரை ஆண்டில் தீர்ந்துவிடும். இரண்டு கைக்கும் உள்ள வித்தியாசம் அரை மில்லிமீட்டர். ஒரு நாள் வெட்டைப் பார்த்து அதை எந்தக் கண்ணும் கண்டுபிடிக்காது. மாதக் குறிதான் காட்டிக் கொடுக்கும்.

மலாயாவில் வாணிகத்துக்கென்று முதன்முதல் கித்தாத் தோட்டம் போட்டதே நம் மலாக்காவில்தான். டான் சே யான் என்பவர் 1890-களில் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கினார். இன்று அந்தக் காடுகளில் பெரும்பகுதி செம்பனையாகிவிட்டது. ஆனால் நான் சொல்ல வந்தது மரத்தைப் பற்றியல்ல, தண்ணீரைப் பற்றி. பட்டைக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு என்னோடு டுரியான் துங்கால் வரை வாருங்கள்.

1991-ஆம் ஆண்டை மலாக்காக்காரர்களில் வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஆண்டு டுரியான் துங்கால் அணை வறண்டது. அலோர் காஜா மாவட்டத்தில் 1970-களில் கட்டிய அணை அது. நிரம்பினால் ஏறக்குறைய 32 மில்லியன் கன மீட்டர் தண்ணீர் கொள்ளும். ஒரு கன மீட்டர் என்றால் 1,000 லிட்டர். அத்தனை பெரிய தேக்கம் காய்ந்து, தரை தெரிந்தது. குழாயில் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். டிரம்மும் வாளியும் வீட்டுச் சாமான்களில் முதலிடம் பிடித்தன. மழை பொய்த்தது ஒரு காரணம். ஊர் வளர்ந்து, தொழிற்சாலைகள் பெருகி, தேவை ஏறிக்கொண்டே போனது இன்னொரு காரணம்.

தண்ணீர் வற்றியதை எல்லாரும் கண்ணால் பார்த்தோம் என்று சிலர் சொல்வார்கள். பார்த்தது உண்மைதான். ஆனால் கண்ணுக்குத் தெரியும்போது பாதி காரியம் முடிந்து போயிருக்கும். அணையில் நாளொன்றுக்கு மூன்று விரல் அளவு தண்ணீர் இறங்கினால் கரையில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. நேற்று எந்தக் கல் நனைந்திருந்தது என்று யாருக்கு நினைவிருக்கும்? அதற்காகத்தான் அணையில் கோடு போட்ட அளவுகோலை நட்டு வைக்கிறார்கள். குறித்த நேரத்தில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து ஏட்டில் எழுதுகிறார்கள். இப்போது இந்த வேலையைக் கருவியே செய்து செய்தி அனுப்பிவிடுகிறது. முறை என்னவோ ஒன்றுதான்: அசையாத ஒரு குறி, ஒழுங்கான நேரம், எழுதி வைத்த எண்.

அசையாத குறி என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். அதைத் தேடிப் பிடிப்பது பெரிய பாடு. அணையின் நீர் மட்டத்தையும் மலையின் உயரத்தையும் 'கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர்' என்று சொல்கிறோம் அல்லவா? கடல் எங்கே ஓரிடத்தில் நிற்கிறது? நம் மலாக்காக் கடற்கரையில் நின்று பாருங்கள். ஒரே நாளில் ஏறுகிறது, வற்றுகிறது, மறுபடி ஏறுகிறது. அமாவாசை, பௌர்ணமிக்கு அதிகம் ஏறுகிறது. பருவக் காற்றுக்கு வேறு மாதிரி. அதனால் ஒரு நாள் அளந்து 'இதுதான் கடல் மட்டம்' என்று சொல்ல முடியாது. வெள்ளைக்காரர் காலத்தில், 1911, 1912 ஆண்டுகளில், போர்ட் சுவெட்டன்ஹாமில் சில மாதங்கள் கடலை அளந்து சராசரி எடுத்து, அதையே தீபகற்பத்துக்கெல்லாம் உயரக் கணக்கின் தொடக்கமாக வைத்துக்கொண்டார்கள். அது போதாது என்று கண்டு, அதே இடத்தில் (இப்போது கிள்ளான் துறைமுகம்) 1984 முதல் 1993 வரை பத்து ஆண்டுகள் அளந்து புதிய சராசரியை எடுத்தார்கள். கடலின் ஏற்ற இறக்கத்தைப் பதிவு செய்யும் நிலையம் நம் மாநிலத்திலும் உண்டு. தஞ்சோங் கிளிங்கில் இருக்கிறது. ஊர்ப் பெயரில் நம்மவர் வாடை வீசுகிறதே என்று நினைத்துக்கொள்வேன்.

இத்தனை பாடுபட்டு அளப்பதில் வேறொரு பலனும் உண்டு. உலகக் கடல் மட்டம் 1993 முதல் விண்கோள்களால் அளக்கப்படுகிறது. சராசரியாக ஆண்டுக்கு மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேலாக அது உயர்ந்து வருகிறது. ஒவ்வொரு நாளும் ஆளுயரத்துக்கு ஆட்டம் போடக்கூடிய கடலில் ஆண்டுக்கு மூன்று மில்லிமீட்டரைக் கண்டுபிடிப்பது என்றால், பல ஆண்டுக் கணக்கை வைத்துத்தான் முடியும். நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துக் கடல் ஏறுகிறது என்றோ இறங்குகிறது என்றோ பேசுவது வீண் பேச்சு.

சரி, அணைக்குத் திரும்புவோம். நீர் மட்டம் ஓர் அடி குறைந்தது என்று சொன்னால் எவ்வளவு தண்ணீர் குறைந்தது என்று அர்த்தம்? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

சகோதரிகளே, இதை அடுப்படியிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு வாணலியில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு குச்சியில் அங்குலக் கோடுகள் போட்டு நடுவில் நிறுத்துங்கள். பிள்ளையைக் கூப்பிட்டு, ஒவ்வொரு கிண்ணமாக மொண்டு வெளியே ஊற்றச் சொல்லுங்கள். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் தண்ணீர் எவ்வளவு இறங்கியது என்று எழுதிக்கொண்டு வாருங்கள். முதல் சில கிண்ணங்களுக்குக் குச்சியில் தண்ணீர் அசைந்ததாகவே தோன்றாது. அடி நெருங்க நெருங்க, அதே கிண்ணத்துக்கு மளமளவென்று இறங்கும். ஆழத்தில் பாதி இருக்கும்போது தண்ணீரில் பாதி இருக்கும் என்று பிள்ளை சொல்லும். அளந்து பார்த்தால் ஏறக்குறைய கால் பங்குதான் இருக்கும். நேர்ச் சுவர் உள்ள டிரம்மில் இந்தக் குழப்பம் வராது. அங்கே பாதி ஆழம் என்றால் பாதித் தண்ணீர்தான்.

பள்ளத்தாக்கை மறித்துக் கட்டிய அணை வாணலியின் இனத்தைச் சேர்ந்தது. மேலே அகலம், அடியில் குறுகல். ஆகவே நீர் மட்டம் மெதுவாகத்தானே இறங்குகிறது என்று முதல் மாதம் தைரியமாக இருந்தவர்கள் மூன்றாவது மாதம் திடுக்கிடுகிறார்கள். எடுக்கும் தண்ணீர் அதிகமாகவில்லை, பாத்திரம்தான் ஒடுங்கிவிட்டது. இதற்காகவே அணை நிரம்புமுன் பள்ளத்தாக்கை அளந்து, எந்த உயரத்துக்கு எவ்வளவு தண்ணீர் என்று அட்டவணை தயாரித்து வைக்கிறார்கள். அந்த அட்டவணையும் என்றைக்கும் செல்லாது. காடு வெட்டிய சரிவுகளிலிருந்து மழைநீரோடு வரும் மண் அடியில் படிகிறது. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை படகில் போய் ஆழம் பார்த்து அட்டவணையைத் திருத்த வேண்டும்.

எடுப்பதைத் தவிர, தானாகப் போவதும் உண்டு. நம் நாட்டு வெயிலில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 4 முதல் 5 மில்லிமீட்டர் ஆவியாகிப் போகிறது. மாதத்துக்கு ஏறக்குறைய அரை அடி! யாரும் குடிக்காமல், குளிக்காமல் போகும் தண்ணீர் இது.

வரவுப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். மழையை அளப்பது தோட்டத்துக்குப் பழக்கமான காரியம். பல தோட்டங்களில் ஆபீஸ் முன்னால் வெட்டவெளியில் மழைமானி இருக்கும். காலையில் அதை எடுத்து அளந்து எழுதுவது கிராணியாரின் வேலைகளில் ஒன்று. ஓர் அங்குல மழை என்று அவர் எழுதினால், ஓர் ஏக்கரில் 22,000 கேலனுக்கு மேல் தண்ணீர் விழுந்திருக்கிறது என்று பொருள். எடை போட்டால் 100 டன். அப்படியானால் வறட்சிக்குப் பிறகு இரண்டு நாள் கொட்டியும் அணை ஏன் ஏறவில்லை என்று கேட்பீர்கள். காய்ந்த மண் முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்ளும். மரங்கள் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் ஓடைக்கும் ஆற்றுக்கும் மிச்சம். அதோடு மழை எங்கே பெய்தது என்பதும் முக்கியம். மலாக்கா நகரில் சாலை முழுகப் பெய்த மழை கடலுக்குப் போகும். அணைக்கு ஒரு சொட்டும் வராது. நகரத்து வெள்ளத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர்க் கஷ்டம் தீர்ந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

1991-க்குப் பிறகு மாநிலத்துக்கு வேறு வழிகளும் தேடினார்கள். ஜாசின் மாவட்டத்தில் ஜூஸ் அணை வந்தது. அது ஏறக்குறைய 45 மில்லியன் கன மீட்டர் கொள்ளும். ஜொகூரின் மூவார் ஆற்றிலிருந்தும் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அப்படியிருந்தும் 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அணைகள் இறங்கி, மலாக்காவில் மறுபடியும் தண்ணீர்ப் பங்கீடு வந்தது.

இப்போதெல்லாம் அணையில் இத்தனை விழுக்காடு தண்ணீர் இருக்கிறது என்று செய்தியில் சொல்லிவிடுகிறார்கள். அந்த ஓர் எண் எனக்குப் போதுவதில்லை. 60 விழுக்காடு என்றால் நல்லதா, கெட்டதா? சென்ற மாதம் 45-ஆக இருந்து 60-க்கு ஏறியிருந்தால் கவலையில்லை. சென்ற மாதம் 75-ஆக இருந்திருந்தால் கதை வேறு. மாதத்துக்கு 15 விழுக்காடு போகிறது. இப்படியே போனால் 60 விழுக்காடு நான்கு மாதத்துக்கு வரும் என்று தோன்றும். ஆனால் நான்கு மாதம் வராது. தண்ணீர் எடுக்கும் வாய்க்குக் கீழே கிடக்கும் அடித்தண்ணீரை எடுக்க முடியாது. அது சேறும் கலங்கலுமாக இருக்கும். வெயிலும் கூடினால் இன்னும் குறையும். ஆகவே செய்தி வரும்போது நாள்காட்டியில் அந்தத் தேதியிலேயே எண்ணைக் குறித்து வையுங்கள். நான்கு வாரம் குறித்தாலே போக்கு தெரிந்துவிடும். டிரம் வாங்குவதா, கூரைத் தண்ணீரைப் பிடிக்கத் தகரப் பீலி போடுவதா என்பதைக் கடையில் கூட்டம் கூடுமுன்பே முடிவு செய்யலாம்.

அணையை அளப்பது அவர்கள் வேலை. வீட்டுக் குழாயை அளப்பது உங்கள் வேலை. குழாய்த் தண்ணீர் வரும் வீடுகளில் வாசலருகே மீட்டர் இருக்கிறது. கறுப்பு எண்கள் கன மீட்டரைக் காட்டும். சிவப்பு எண்கள் அதற்கும் கீழான சில்லறைக் கணக்கு. பில் வரும்போது மட்டுமே நாம் அதை நினைக்கிறோம். ஒரு நாள் இரவு, எல்லாரும் படுக்கப் போகுமுன், எல்லாக் குழாயையும் அடைத்துவிட்டு, சிவப்பு எண்கள் உட்பட முழு எண்ணையும் எழுதி வையுங்கள். விடியற்காலையில் யாரும் முகம் கழுவுமுன் மறுபடி பாருங்கள். இரவில் யாராவது எழுந்து தண்ணீர் புழங்கியிருந்தால் அந்தச் சோதனை செல்லாது, மறுநாள் செய்யுங்கள். யாரும் புழங்காமலே எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது.

எவ்வளவு கசிகிறது என்பதையும் கணக்குப் போடலாம். இரவு 10 மணிக்கும் காலை 5 மணிக்கும் இடையே 14 லிட்டர் போயிருந்தால் மணிக்கு 2 லிட்டர். நாளுக்கு 48, மாதத்துக்கு 1,440 லிட்டர். ஒன்றரைக் கன மீட்டருக்குச் சற்றுக் குறைவான தண்ணீரை யாருக்கும் பயனில்லாமல் காசு கொடுத்து மண்ணில் ஊற்றியிருக்கிறீர்கள். முதலில் கழிவறைத் தொட்டியைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் கோளாறு. தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் சாயமோ காப்பித் தண்ணீரோ கலந்து, கால் மணி நேரம் யாரையும் உள்ளே விடாதீர்கள். கீழே கிண்ணத்தில் நிறம் இறங்கியிருந்தால் தொட்டிக்குள் இருக்கும் ரப்பர் வட்டம் தேய்ந்துவிட்டது. சாமான் கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும். பழையதைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி, அதே அளவில் வாங்கி வாருங்கள். மாற்றிய அன்றிரவே மீட்டரை மறுபடியும் எழுதி வையுங்கள்.