பிள்ளையின் வாயிலேயே இருந்த ஜப்பானிய இலக்கணம்



சென்ற கிழமை ஒரு பிள்ளை ஜப்பானிய மொழிக் கொப்பியோடு எம்மிடம் வந்தார். ஏ/எல் முடித்துவிட்டு, ஜப்பானுக்கு வேலைக்குப் போகும் எண்ணத்தில் வகுப்புக்குப் போகிறவர். கொப்பியில் ‘தெ ஷிமாவு’ என்று எழுதி, பக்கத்தில் ஆங்கிலத்தில் இரண்டு கருத்துகள் இருந்தன. ஒன்று, முழுதாகச் செய்து முடித்தல். மற்றது, கவலைப்படும்படி ஒன்று நடத்தல்.

“சேர், ஒரே சொல்லுக்கு எப்படி ரெண்டு கருத்தும் வரும்? விளங்கவே இல்ல. சும்மா பாடமாக்கிட்டேன்” என்றார்.

விடை அவர் வாயிலேயே இருந்தது. ‘பாடமாக்கிட்டேன்’ என்பது ‘பாடமாக்கிவிட்டேன்’ தானே! அந்த ‘விடு’ செய்கிற வேலையைத்தான் ‘ஷிமாவு’வும் செய்கிறது.

தமிழில் வினையெச்சத்தோடு ‘விடு’ சேர்கிறது. ஜப்பானியத்தில் வினையின் ‘தெ’ வடிவத்தோடு ‘ஷிமாவு’ சேர்கிறது. ‘ஷிமாவு’ தனியே நின்றால் முடித்தல், எடுத்து உள்ளே வைத்தல் என்று பொருள். ‘வசுரெத்தெ ஷிமாய்மஷித்தா’ என்றால் ‘மறந்துவிட்டேன்’. நாம் பேச்சில் ‘மறந்துட்டேன்’ என்று சுருக்குவது போல அவர்களும் ‘வசுரெச்சத்தா’ என்று சுருக்குகிறார்கள். ‘இன்றைக்கே எழுதிவிடுவேன்’ என்றால் வேலை முடியும் என்ற உறுதி. ‘பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டேன்’ என்றால் கவலை. எது என்பதை இடம்தான் சொல்லும். ஜப்பானியத்திலும் அப்படியே.

இது பரீட்சைக்கு மட்டுமான விசயமல்ல. வேலைக்குப் பிந்திப் போன ஒருவர் ‘ஒகுரெமஷித்தா’ என்றால் ‘பிந்தினேன்’ என்ற தகவல் மட்டுமே. ‘ஒகுரெத்தெ ஷிமாய்மஷித்தா’ என்றால் அதில் வருத்தமும் தெரிகிறது. ஒரு பொருள் உடைந்தால் ‘கொவரெத்தெ ஷிமாய்மஷித்தா’ என்பது ‘உடைந்துவிட்டது’. ‘கொவஷித்தெ ஷிமாய்மஷித்தா’ என்பது ‘உடைத்துவிட்டேன்’. முதலாவதில் ஆள் இல்லை. இரண்டாவதில் பொறுப்பை ஏற்கும் ஆள் நிற்கிறார். உடைந்து, உடைத்து என்ற வேறுபாடு எம் பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே வந்துவிடுகிறது. இதை ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போய்ப் படிக்க வேண்டுமா?

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நாம் ‘விடு’வைச் சந்தோசத்திலும் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். ‘விருந்தாளி வந்துவிட்டார்’ என்று மகிழ்ந்து சொல்கிறோம். அதை அப்படியே ‘கித்தெ ஷிமாய்மஷித்தா’ என்று மாற்றினால், ‘வந்து தொலைத்தார்’ என்பது போலக் கேட்கக்கூடும். ‘உடைச்சுப் போட்டன்’ என்று எம் பேச்சில் வரும் ‘போடு’வின் சாயலும் ‘ஷிமாவு’வில் இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் இதில் வழுக்க மாட்டார்கள். இந்த இடத்தைத் தமிழ் தெரிந்த ஆசிரியர்தான் காட்ட முடியும்.

ஜப்பானின் குறித்த திறன் தொழிலாளர் விசா 2019 ஏப்ரலில் தொடங்கியது. அதற்கு மொழித் தகைமையாக ஜே.எப்.டி. பேசிக் அல்லது ஜே.எல்.பி.டி. என்4 சித்தி கேட்கிறார்கள். இந்த இலக்கணம் அந்த மட்டத்தில் வருவதுதான். ‘மின்னா நோ நிஹொங்கோ’ புத்தகத்தில் 29ஆம் பாடம். உம்மாவின் நகையை ஈடு வைத்து வகுப்புக் காசு கட்டும் பிள்ளைகள் எம் மத்தியில் இருக்கிறார்கள். அவர்கள் விளங்காமல் பாடமாக்கிப் பரீட்சையில் தவறுவது அவர்களுடைய மூளையின் குறை அல்ல. பாடம் அவர்களுடைய மொழியைத் தொடாமல் போவதே குறை.

ஆகவே எமது கருத்து இதுதான். பெற்றோர் வகுப்பில் சேர்க்கும் முன் ‘தமிழில் விளங்கப்படுத்துவீர்களா?’ என்று கேளுங்கள். வகுப்பு நடத்துவோர் ஊரிலுள்ள ஒரு தமிழ் ஆசிரியரோடு ஒரு பின்னேரம் உட்கார்ந்து பாடக் குறிப்பைப் பாருங்கள். காசு கேட்காமல் வர நாம் தயார். ‘வினையெச்சம் படித்து என்ன பலன்?’ என்று கேட்கும் பிள்ளைகளுக்கும் இப்போது ஒரு பதில் இருக்கிறது.

அந்தப் பிள்ளை கொப்பியிலிருந்த இரண்டு ஆங்கிலச் சொற்களையும் வெட்டிவிட்டு, பெரிதாக ‘விட்டேன்’ என்று எழுதிக்கொண்டு போனார். போகும்போது, “விளங்கிட்டுது சேர்” என்றார்.