முள்ளைப் பார்த்து மூச்சிழுங்கள்

ஸ்கூபா கருவி அணிந்து கடலுக்குள் இறங்குவோர், சிலிண்டரின் வால்வை முழுவதும் திறந்தபின் கால் சுற்றுப் பின்னுக்குத் திருப்பிவைக்க வேண்டும் என்று ஆசான்கள் நெடுங்காலமாகக் கற்பித்து வந்திருக்கிறார்கள். முழுத் திறப்பில் வால்வு இறுகிச் சிக்கிக்கொள்ளும் என்ற அச்சமே அதற்குச் சொல்லப்படும் காரணம். இன்றைய வால்வுகளுக்கு இந்தச் சம்பிரதாயம் அநாவசியம் மட்டுமன்று, அபாயகரமும் ஆகும் என்பது என் அபிப்பிராயம். ஏனெனில், ஆடுகின்ற படகில் திசை தப்பி, வால்வை முழுவதும் மூடிவிட்டுக் கால் சுற்றுத் திறந்துவைக்கிற கையும் தன் கடமையைச் சரிவரச் செய்துவிட்டதாகவே எண்ணிக்கொள்கிறது.

இப்பிழையின் விஷமம், மேற்பரப்பில் அது எளிதில் வெளிப்படாமையே. அங்கே அச்சிறு திறப்பின் வழியே வருகிற காற்று சாதாரண சுவாசத்துக்குப் போதுமானது. ஆனால் 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் வீதம் கூடிச்செல்லும் நியதிப்படி, 30 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் நான்கு மடங்கு காற்று தேவைப்படும்போது, அக்குறுகிய வாயில் அதைக் கொடுக்க மாட்டாது. முதுகில் ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் காற்றைச் சுமந்துகொண்டே மனிதன் மூச்சுக்குத் திணறுகிறான்! வால்வைத் திறந்து பிறகு அறவே மூடிவிட்டாலோ, குழாயில் தங்கிய அழுத்தத்தால் காற்றழுத்த மானி நிறைவையே காட்டிக்கொண்டிருக்கும். சில மூச்சுகளில் அதுவும் தீர்ந்துபோகும். ஆகவே மானியை வெறுமனே பார்ப்பது பரிசோதனை ஆகாது.

மூச்சிழுக்கும் கருவியான ரெகுலேட்டரை வாயில் வைத்து, மானியின் முள்மேல் கண்ணை நிறுத்தி, மூன்று நான்கு முறை ஆழ்ந்து மூச்சிழுக்க வேண்டும். முள் அசையாது நின்றால் வால்வு திறந்திருக்கிறது. மூச்சுக்கு மூச்சு தாழ்ந்து மீளுமாயின் அது அரைகுறையாகத் திறந்திருக்கிறது. தாழ்ந்தது மீளாவிட்டால் மூடியிருக்கிறது. இழுக்கும் காற்றில் எண்ணெய் வாடை வீசினாலும் அந்தச் சிலிண்டரை ஒதுக்கிவிட வேண்டும். வாடை இல்லாததனாலேயே காற்று சுத்தமென்று கொள்வதற்கில்லை, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தோழருக்கென்று வைத்திருக்கும் இரண்டாவது ரெகுலேட்டரையும் இவ்வாறே சோதிப்பது அவசியம். ஆபத்து வேளையில் முதலில் தேடப்படுவது அதுதான். இறங்கியபின் ஐந்தாறு மீட்டர் ஆழத்தில் கணநேரம் நின்று, ஒருவர் கருவியில் குமிழி கசிகிறதா என்று மற்றவர் பார்த்துச் சொல்லலாம்; நிலத்தில் புலப்படாத கசிவு நீரில் புலப்படும்.

அந்தமானுக்கும் புதுச்சேரிக்கும் சென்று இக்கலையைப் பயிலும் நம் இளைஞர்களுக்கு ஒரு விண்ணப்பம்: கருவியை யார் பூட்டித் தந்தாலும் சோதனையை நீங்களே செய்யுங்கள், செய்து முடித்தபின், உதவும் எண்ணத்தோடாயினும் வேறொரு கை உங்கள் வால்வைத் தொட்டுவிட்டால், குதிக்குமுன் இன்னொரு முறை முள்ளைப் பார்த்து மூச்சிழுத்துவிடுங்கள்.