பொண்ட் எழுதியவர் போய்விட்டார், பிணை நின்றவர் இங்கே இருக்கிறார்

அரச செலவில் படிக்கப் போனவர் திரும்பி வரவில்லை என்ற செய்தி வரும்போதெல்லாம் எங்களுக்குள் இரண்டு குரல்கள் எழும். "மக்களின் வரிப்பணத்தில் படித்துவிட்டு ஓடிவிட்டார்" என்பது ஒன்று. "இந்த நாட்டில் இருந்து என்ன செய்வது, போனவர் புத்திசாலி" என்பது மற்றது. இந்த வாதத்தில் ஒருவரை மட்டும் நாங்கள் மறந்துவிடுகிறோம். போனவருக்காகக் கையொப்பமிட்டு இங்கேயே இருப்பவரை, அதாவது பிணையாளியை.

பொண்ட் எப்படி எழுதப்படுகிறது என்று முதலில் பார்ப்போம். பல்கலைக்கழகத்தில் தகுதிகாண் விரிவுரையாளராகச் சேருபவர் குறிப்பிட்ட காலத்துக்குள் பட்டமேற்படிப்பை முடித்தால்தான் பதவியில் நிரந்தரமாக முடியும். அதற்காகச் சம்பளத்துடன் கல்வி விடுமுறை கிடைக்கிறது. முடித்து வந்து இத்தனை வருடம் இங்கே வேலை செய்வேன், இல்லையேல் இவ்வளவு பணம் கட்டுவேன் என்று அவர் எழுதிக் கொடுக்கிறார். விசேட வைத்திய நிபுணராகப் பயில்பவருக்கும் இதே ஏற்பாடுதான். இங்கே பரீட்சையில் சித்தியடைந்த பிறகு, பெரும்பாலான துறைகளில் பிரித்தானியாவிலோ அவுஸ்திரேலியாவிலோ பயிற்சி பெற்று வர வேண்டும்.

இப்படிப்பட்ட ஒப்பந்தத்துக்குப் போகிறவரின் கையொப்பம் மட்டும் போதாது. அவர் கட்டாவிட்டால் நாங்கள் கட்டுவோம் என்று வேறு ஆட்களும் ஒப்பமிட வேண்டும். அந்த ஆட்கள் யார்? அதே பீடத்தில் வேலை செய்யும் நண்பர், ஆசிரியையாக இருக்கும் சாச்சி, கச்சேரியில் வேலை செய்யும் மச்சான். மாதச் சம்பளம் தவிர வேறு வருமானம் இல்லாதவர்கள்.

என்னிடமும் ஒரு உறவுக்காரப் பிள்ளை இப்படி ஒப்பம் கேட்டு வந்தார். பத்திரத்தை முழுதாக வாசித்தேன். கட்ட வேண்டிய தொகை தெளிவாக இருந்தது. அந்தத் தொகை எப்படிக் கணக்கிடப்பட்டது என்று எங்கும் இல்லை. திரும்பி வந்து பாதிக் காலம் வேலை செய்துவிட்டுப் போனால் தொகை குறையுமா என்றும் இல்லை. ஒப்பமிட்டேன். அவர் திரும்பி வந்து வேலை செய்கிறார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த வருடங்களில் அவருடைய உம்மாவைக் காணும்போதெல்லாம் "தம்பி எப்ப வாறார்?" என்று நான் கேட்டது நலம் விசாரிக்க மட்டும் அல்ல.

எல்லாருக்கும் அப்படி முடிவதில்லை. பொண்டை மீறிய விரிவுரையாளர்களிடமிருந்து அறவிடப்படாத பணம் பற்றிக் கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கைகளிலும் பாராளுமன்றத்தின் கோப் குழுவிலும் பலமுறை பேசப்பட்டுவிட்டது. வெளிநாட்டில் இருப்பவரைத் தேடிப் பிடிப்பது கடினம். பிணையாளியின் முகவரி கையில் இருக்கிறது. ஆகவே கடிதம் அவர் வீட்டுக்கே போகிறது.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இந்த அநியாயத்தை இன்னும் பெரிதாக்கியது. அந்த வருடம் மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 200 ரூபா. மே மாதம் அது 360 ரூபா அளவுக்குப் போனது. உதாரணத்துக்கு 20 இலட்சம் ரூபா பொண்ட் ஒன்றை எடுங்கள். மார்ச்சில் அது 10,000 டொலர். மே மாதம் ஏறத்தாழ 5,500 டொலர். டொலரிலோ பவுணிலோ சம்பளம் எடுப்பவருக்குக் கடன் பாதிக்குக் கிட்டக் குறைந்துவிட்டது. இங்கே ரூபாவில் சம்பளம் எடுக்கும் பிணையாளிக்கு 20 இலட்சம் 20 இலட்சமாகவே நின்றது. அதே 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டபோது, அரிசிக்கும் பால்மாவுக்கும் போக அவர் கையில் மிஞ்சியது என்னவென்று எல்லாருக்கும் தெரியும். போனவருக்குப் பொண்ட் மலிவானது, நின்றவருக்குப் பாரமானது.

அரசாங்கமும் இந்த விடயத்தில் இரண்டு பக்கமும் பேசியது. 2022 ஜூனில் வந்த 14/2022 இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை, சிரேஷ்டத்துவத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதிப்பில்லாமல் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போய் வேலை செய்ய அரச ஊழியர்களுக்கு வழி திறந்தது. டொலர் தேவைப்பட்டபோது போங்கள் என்றார்கள். நிபுணர்கள் போனபோது மூளைசாலிகள் வெளியேறுகிறார்கள் என்று கவலைப்பட்டார்கள்.

இந்தக் கவலை யாழ்ப்பாணத்தில் வெறும் பேச்சு அல்ல. வடக்கின் மற்ற மாவட்டங்களிலிருந்தும் கடினமான நோயாளர்கள் யாழ். போதனா வைத்தியசாலைக்குத்தான் அனுப்பப்படுகிறார்கள். ஒரு துறையில் நிபுணர் இல்லையென்றால் அடுத்த இடம் அநுராதபுரம் அல்லது கொழும்பு. கொழும்பு இங்கிருந்து கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, வருடங்கள் கழித்து வெறுங்கையோடு மீளக் குடியேறிய எங்கள் குடும்பங்களில் தனியார் வைத்தியசாலைக்குப் போகும் வசதி எத்தனை பேருக்கு இருக்கிறது? அறவிட்ட பொண்ட் பணம் அந்த வெற்றிடத்தை நிரப்புவதில்லை. பிணையாளியின் சம்பளத்திலிருந்து வெட்டிய காசு ஒரு சத்திரசிகிச்சையைக் கூடச் செய்யாது.

மார்க்கம் இதில் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: உடன்படிக்கைகளை நிறைவேற்றும் கட்டளையோடுதான் சூரா அல்மாயிதா தொடங்குகிறது. வேலையை விட்டுப் போவது ஹராம் அல்ல. எழுதிக் கொடுத்த கடனைக் கட்டாமல் போவதுதான் பிரச்சினை. கடனோடு இறந்த ஒருவரின் ஜனாஸாத் தொழுகையை நபி (ஸல்) அவர்கள் தாம் நடத்தாமல் நின்றபோது, அபூ கதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனைப் பொறுப்பேற்ற பிறகே நடத்தினார்கள் என்பது புஹாரியில் பதிவான செய்தி. பிணை நிற்பது அவ்வளவு பாரமான காரியம். ஒருவர் கேட்டுக்கொண்டதற்காகப் பிணை நின்று கடனைக் கட்டியவர், அதை அவரிடமிருந்து திரும்பக் கேட்கும் உரிமை உள்ளவர் என்று பிக்ஹ் நூல்களின் கஃபாலா பாடம் சொல்கிறது. பிணையாளி கட்டிவிட்டார் என்பதால் லண்டனில் இருப்பவரின் கழுத்திலிருந்து கடன் இறங்கிவிடாது.

பிற நாடுகளும் இதே கேள்வியோடு மல்லுக்கட்டுகின்றன. இந்திய உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் தீர்ப்பளித்தது. மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 இலட்சம் இந்திய ரூபா கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றது. அது விலகுவதைத் தடுக்கவில்லை, அந்த அதிகாரியின் சம்பளத்தோடு பார்த்தால் தொகை மிகையானதும் அல்ல, அரச வங்கிக்குப் புதிய ஆளைத் தெரிவு செய்யச் செலவு உண்டு என்பன காரணங்கள். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலமோ, 2026 ஜனவரி 1 முதல் எழுதப்படும் ஒப்பந்தங்களில், விலகினால் பணம் கட்டு என்ற நிபந்தனைகளில் பெரும்பாலானவற்றைத் தடை செய்திருக்கிறது. ஊழியர் எங்கே போனாலும் பயன்படும் தகைமைக்கான படிப்புச் செலவு போன்ற சிலவற்றுக்கு, காலம் போகப் போகத் தொகை குறைய வேண்டும் போன்ற நிபந்தனைகளோடு, இடம் விட்டிருக்கிறது. இரண்டும் வேறு வேறு முடிவுகள். ஆனால் தொகை நியாயமானதா என்று இரண்டுமே பார்க்கின்றன.

எங்கள் பொண்டுகளும் அந்த அளவுகோலுக்கு வர வேண்டும். முதலாவது, எதற்கு எவ்வளவு செலவானது என்ற கணக்கு ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். இரண்டாவது, வேலை செய்த ஒவ்வொரு மாதத்துக்கும் தொகை குறைய வேண்டும். மூன்றாவது, வெளிநாட்டிலிருந்து தவணையில் கட்ட எளிதான வழி வேண்டும். நான்காவது, போனவரிடம் அறவிட எல்லா முயற்சியும் செய்த பிறகே பிணையாளியிடம் வர வேண்டும். அதிலும் அவர் பொறுப்புக்கு ஓர் உச்ச வரம்பு வேண்டும். ஐந்தாவது, அறவிட்ட பணம் ஆளை இழந்த அதே பிரிவுக்கு, அடுத்தவரைப் பயிற்றுவிக்கப் போக வேண்டும்.

தனியார் நிறுவனங்களில் சேரும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. வேலையைக் காட்டிக் கொடுப்பது வேறு, செலவழித்துப் பயிற்சி கொடுப்பது வேறு. முதலாவதற்கு யாராவது பொண்ட் கேட்டால் என்ன செலவு என்று கேளுங்கள். பத்திரத்தின் பிரதியை வாங்கி வையுங்கள். மூலச் சான்றிதழை எவரிடமும் ஒப்படைக்காதீர்கள்.

வெளிநாடு போக முடிவெடுத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு: போவது உங்கள் உரிமை. அதற்கு முன் உங்களுக்காகக் கையொப்பமிட்டவர்களின் வீட்டுக்குப் போய் விடயத்தைச் சொல்லுங்கள். வேலை கொடுத்த இடத்துக்கு எழுதித் தவணை கேளுங்கள். முதல் சம்பளத்திலிருந்தே கட்டத் தொடங்குங்கள். அந்தச் சாச்சி ஓய்வுபெற இன்னும் எத்தனை வருடம் இருக்கிறது என்று கணக்குப் பாருங்கள். அதற்கு முன் அவர் பெயர் அந்தப் பத்திரத்திலிருந்து விடுபட வேண்டும்.